எதற்காக இந்தப் பயணம்?

"சபர்" என்னும் சொல் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில், பிழைப்பை நாடிக் கடல் கடந்து சென்றவரைச் "சபராளி" என்றே அழைத்து வந்தார்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் சென்ற பாட்டன்மார், நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறிய தந்தையர், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கு விமானமேறிய புதல்வர் என்று தலைமுறை தலைமுறையாக அச்சொல் வாழ்ந்து வந்திருக்கிறது. அந்நாளில் நம் வீடுகளில் பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டே பொருள்: ஒன்று பிழைப்பு, மற்றொன்று ஹஜ். பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ஜித்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஹஜ்ஜுக் கப்பல் 1995ஆம் ஆண்டோடு நின்றது. அதுவரை, ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லிப் பொறுத்தம் கேட்டுவிட்டுத்தான் ஊரெல்லையைத் தாண்டுவார். திரும்பி வருவோமா என்பது உறுதியில்லாத பயணம் அது.

இன்றைய நிலை வேறு. பள்ளிவாசல் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கும் விளம்பரங்களைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். பதினைந்து நாள் உம்ராவுடன் துபாய் மூன்று நாள், உம்ராவுடன் இஸ்தான்பூல், கோடை விடுமுறைக்கு ஹலால் உணவோடு மலேசியா. இவையெல்லாம் வசதி படைத்த சிலருக்கு மட்டும் என்றிருந்த காலம் போய், நடுத்தரக் குடும்பங்களும் தவணை முறையில் பணம் கட்டிச் செல்லும் காலம் வந்துவிட்டது. சவூதி அரேபியா 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், வரலாற்றில் முதன்முறையாகச் சுற்றுலாவுக்கென்றே பொது விசா வழங்கத் தொடங்கிற்று. அந்த விசாவில் செல்வோர் ஹஜ்ஜுக் காலம் நீங்கலாக உம்ராவும் செய்துகொள்ளலாம். சுற்றுலாவும் வணக்கமும் ஒரே கடவுச்சீட்டின் ஒரே முத்திரைக்குள் அடங்கிவிட்டன!

இது நல்லதா, தீயதா என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க இக்கட்டுரை முற்படவில்லை. ஆனால் புறப்படுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. எதற்காக இந்தப் பயணம்?

இவ்வினா புதியதன்று. செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன என்ற கருத்தமைந்த நபிமொழியை அறியாதவர் நம்மில் எவருமிலர். ஹலரத் உமர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்து, இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பில் முதலாவதாக அமைந்திருப்பது அது. மதரஸாப் பிள்ளைகளும் அதன் முதல் வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதன் பிற்பகுதி எதைப் பற்றியது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அது பயணத்தைப் பற்றியது! மக்காவை விட்டு மதீனாவுக்குச் சென்றோர் அனைவரும் நடந்தது ஒரே பாலைவனத்தில், ஒரே வெயிலில். ஒருவர் அல்லாஹ்வுக்காகவும் அவன் தூதருக்காகவும் சென்றார். இன்னொருவர் உலகப் பொருளுக்காகவோ, ஒரு பெண்ணை மணந்துகொள்ளவோ சென்றார். எவர் எதை நாடிச் சென்றாரோ அதுவே அவர் பயணமாயிற்று என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். எண்ணத்தின் பெருமையைச் சொல்ல வந்த பெருமானார், அதற்கு எடுத்துக்காட்டாகத் தொழுகையைச் சொல்லவில்லை, தர்மத்தைச் சொல்லவில்லை, பயணத்தைச் சொன்னார்கள்.

சுற்றுலாவுக்கு இன்று அரபு மொழியில் வழங்கும் சொல் "சியாஹா" என்பது. இதே வேரிலிருந்து பிறந்த சொல் ஒன்று திருமறையில் இறைநம்பிக்கையாளர்களின் பண்புகளை அடுக்கிச் சொல்லும் இடத்தில், தவ்பா அத்தியாயத்தில் வருகிறது. நேர்ப்பொருள் கொண்டால் "சுற்றித் திரிவோர்" என்றாகும். ஆனால் விரிவுரையாளர் பலரும் அங்கே அதற்கு "நோன்பு நோற்பவர்கள்" என்று பொருள் உரைத்துள்ளனர். காரணம் கேட்டால் வியப்பாயிருக்கும். அக்காலத்தில் இறைவனை நாடித் திரிந்தவர் கையில் கட்டுச்சோறு கொண்டு செல்வதில்லை. கிடைத்தபோது உண்பார், கிடைக்காதபோது பொறுத்திருப்பார். எனவே நோன்பாளிக்கு அவரை உவமை கூறினர். மூன்று வேளையும் விருந்து மேசையில் நாற்பது வகைப் பதார்த்தம் பரப்பிவைத்து வரவேற்கும் இன்றைய "சியாஹா" அந்த வேரிலிருந்து எவ்வளவு தொலைவு வந்துவிட்டது பாருங்கள்.

பயணத்தை வகைப்படுத்திப் பார்த்தவர்களில் முதன்மையானவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். பக்தாதில் நிஜாமிய்யாக் கலாசாலையின் தலைமைப் பேராசிரியராக விளங்கியவர்; 1095ஆம் ஆண்டில் அப்பதவியையும் புகழையும் துறந்து திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், மக்கா என்று பயணம் போனவர். அவர் எழுதிய "இஹ்யா உலூமித்தீன்" என்னும் பெருநூலில் பயண ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. கல்வியைத் தேடிப் போவது ஒரு வகை. ஹஜ் போன்ற வணக்கத்திற்காகவும் புனிதர்களைத் தரிசிக்கவும் போவது இன்னொரு வகை. மார்க்கத்திற்கு இடையூறானவற்றிலிருந்து விலகி ஓடுவது மூன்றாவது. உடலுக்கோ பொருளுக்கோ நேரும் கேட்டிலிருந்து தப்பிச் செல்வது நான்காவது. இப்படியாக அவர் வகுத்துக் காட்டுகிறார். இவற்றில் எந்த வகையாயினும், புறப்படுவோன் செய்யவேண்டிய முதற்காரியம் என்று அவர் குறிப்பது வாகனம் தேடுவதையன்று. பிறருக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்வதும், கடனைத் தீர்ப்பதும், தன் பொறுப்பில் உள்ளவர்களின் செலவுக்கு வழிவகுப்பதும், அமானிதப் பொருள்களை உரியவரிடம் ஒப்படைப்பதுமே முதற்காரியம். நம் முன்னோர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னது வெறும் சம்பிரதாயமன்று என்பது இதனால் விளங்கும்.

"பொழுதுபோக்குக்காகப் போவது கூடவே கூடாதா? மார்க்கம் அவ்வளவு இறுக்கமானதா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பிற்காலச் சட்ட அறிஞர்கள் இவ்விஷயத்தில் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் சுட்டியிருக்கிறார்கள். பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை கிடைக்க வேண்டுமானால், அப்பயணத்திற்கு முறையான நோக்கம் ஒன்று இருக்க வேண்டும் என்பது அம்மத்ஹபின் கொள்கை. சென்று சேரும் இடம் எதுவென்றே இல்லாமல் திரிபவனுக்கு அச்சலுகை இல்லை. அப்படியாயின் மனமகிழ்ச்சிக்காகப் போகிறவர்? அவருக்கு உண்டு என்கிறார்கள். அழகிய காட்சியைக் கண்டு உள்ளத்தில் படிந்த கவலையையும் கசப்பையும் போக்கிக்கொள்வது முறையான நோக்கமே. ஆனால் "ஊர்களைப் பார்த்துவிட்டு வருவது" என்பதைத் தவிர வேறெதுவும் இல்லாத பயணத்தை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

எவ்வளவு கூர்மையான பார்வை! குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவியின்கீழ் நின்று, ஆண்டு முழுதும் கடையிலும் கணக்கிலும் காய்ந்துபோன மனத்தைக் குளிர்வித்து வருகிறாரே ஒருவர், அவர் பயணம் நோக்கமுள்ளது. ஏழு நாளில் ஐந்து நகரங்களைத் தொட்டு, ஒவ்வொன்றிலும் நின்று நிழற்படம் எடுத்து, அதை அன்றிரவே உறவினர் அனைவருக்கும் அனுப்பி, "நாங்களும் பார்த்துவிட்டோம்" என்று பட்டியலில் கோடு கிழிப்பவருடையது எத்தகையது? சில நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட சட்ட நூல்கள் நம் காலத்துச் சுற்றுலாவை நேரில் கண்டு எழுதியவை போலல்லவா தோன்றுகின்றன! (ஹனஃபி மத்ஹபில் நோக்கத்தை இவ்வாறு ஆராய்வதில்லை, தூரமே அளவுகோல். எனினும் சலுகை வேறு, நன்மை வேறு என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள்.)

மகிழ்ச்சிக்குப் பெருமானாரின் வாழ்விலேயே சான்று உண்டு. ஒரு பயணத்தின்போது தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அன்னை வென்றார்கள். ஆண்டுகள் சென்றன. அன்னையின் உடல் சற்றுப் பருத்தது. இன்னொரு பயணத்தில் மீண்டும் பந்தயம். இம்முறை நாயகம் முந்தினார்கள். அன்றைக்கு இன்று சரியாயிற்று என்று சொல்லிச் சிரித்தார்கள். மனைவியோடு பயணம் செல்லும் கணவன்மார் எத்தனை பேருக்கு இந்த சுன்னத்து நினைவிருக்கிறது? நம் குடும்பச் சுற்றுலாக்களில் அடுப்பும் அண்டாவும் வேனில் ஏறுகின்றன. போன இடத்திலும் பெண்கள் அடுப்படியில்தான் இருக்கிறார்கள். அருவியையும் ஏரியையும் ஆண்கள் பார்த்துவிட்டு வந்து சாப்பாடு கேட்கிறார்கள். அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று பெண்கள் நினைத்தால் அதில் வியப்பில்லை.

பார்ப்பதைப் பற்றித் திருமறை பல இடங்களில் பேசுகிறது. பூமியில் பயணம் செய்யுங்கள், படைப்பை அவன் எவ்வாறு தொடங்கினான் என்று பாருங்கள் என்ற கருத்தும், உங்களுக்கு முன் வாழ்ந்து அநியாயம் செய்தவர்களின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் என்ற கருத்தும் மீண்டும் மீண்டும் அங்கே வருகின்றன. ஆகவே பார்ப்பது விலக்கப்பட்டதன்று, கட்டளையிடப்பட்டதே ஆகும். எப்படிப் பார்ப்பது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

மதீனாவுக்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் சென்றால் அல்-உலா என்னும் ஊரும் அதையடுத்து அல்-ஹிஜ்ர் என்னும் இடமும் வரும். மதாயின் ஸாலிஹ் என்றும் அதற்குப் பெயர். மலைகளைக் குடைந்து செதுக்கிய முகப்புகள் அங்கே கம்பீரமாக நிற்கின்றன. அவற்றை நபத்தேயர் என்ற பண்டைய அரபு மக்களின் கல்லறைகள் என்று தொல்லியலார் கூறுவர். ஸாலிஹ் நபியை (அலை) பொய்யாக்கி அழிந்துபோன ஸமூது கூட்டத்தாரின் நிலமாக அவ்விடத்தை நம் மரபு அறியும். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. சவூதி நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் இடம் அதுவே. இன்று உலகெங்கும் விளம்பரம் செய்யப்பட்டு அழைக்கப்படும் சுற்றுலாத் தலமாகிவிட்டது. மதீனா ஸியாரத்துக்குச் செல்லும் நம்மவரிலும் சிலர் அதையும் பார்த்துவர விரும்புகின்றனர்.

ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே சென்றார்கள். அந்நிகழ்ச்சியை நபிமொழித் தொகுப்புகள் பதிந்து வைத்திருக்கின்றன. தமக்குத்தாமே அநீதி இழைத்துக்கொண்டவர்களின் இருப்பிடங்களில் அழுதவர்களாகவேயன்றி நுழையாதீர்கள், அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்துவிடக்கூடும் என்று தோழர்களை எச்சரித்தார்கள். தம் தலையைத் துணியால் மறைத்துக்கொண்டு, வாகனத்தை விரைவாகச் செலுத்தி அப்பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். அங்குள்ள கிணற்று நீரில் மாவு பிசைந்திருந்தோரிடம், அதனை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடுமாறு கூறினார்கள். நீண்ட பயணத்தில் களைத்த படை, கடும் வெயில், உணவுத் தட்டுப்பாடு. அந்த நிலையிலும் பிசைந்த மாவைக் கொட்டச் சொன்னார்கள் என்றால், அவ்விடத்தை அவர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்திற்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நபிமொழியும் அப்படிச் சொல்லவில்லை. அழுதவாறு போகலாம் என்கிறது. அங்கே போய் இசைக் கச்சேரி கேட்டுவிட்டு, பாறையின் முன் சிரித்தபடி படமெடுத்துக்கொண்டு வருவதைத்தான் எதனோடு பொருத்துவதென்று தெரியவில்லை.

நம் சமுதாயத்தின் பழைய பயணிகள் பார்த்ததையும் எழுதியதையும் நினைவுகூர்வது இங்குப் பொருந்தும். இப்னு பதூதா 1325ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். ஹஜ்ஜை முடித்த பின்னும் கால்கள் நிற்கவில்லை. ஊர் திரும்பும்போது 1349ஆம் ஆண்டாகிவிட்டது. அப்பெரும் பயணத்தினிடையே அவர் நம் பக்கமும் வந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குச் செல்ல ஆட்களையும் வழிகாட்டிகளையும் கொடுத்து உதவினார். பின்னர் மஃபர் எனப்பட்ட தமிழகக் கரையில் இறங்கி, மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீனிடம் விருந்தினராயிருந்தார். இருவரும் உறவினர், அக்காள் தங்கையரை மணந்தவர்கள். ஆயினும் அந்தச் சுல்தான் போர்க் கைதிகளையும் அவர்தம் பெண்டு பிள்ளைகளையும் கொடூரமாகக் கொன்றதைக் கண்டு, அது அருவருக்கத்தக்க செயலென்றும், அதனாலேயே இறைவன் அவன் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் தம் பயண நூலில் பதிவு செய்தார். உண்ட வீட்டின் உப்புக்காகவோ, உறவுக்காகவோ, மார்க்கம் ஒன்று என்பதற்காகவோ அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பயணம் கண்ணைத் திறக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கல்விக்காகச் சென்றவர்களின் கதை இன்னும் வியப்பானது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) என்னும் நபித்தோழர், அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் ஒரேயொரு நபிமொழியைக் கேட்பதற்காக ஒரு மாத காலம் பயணம் செய்தார். கேட்டார், திரும்பினார். இன்று நம் பிள்ளைகளை எங்கெங்கோ அழைத்துச் செல்கிறோம். கீழக்கரையில் திராவிடக் கட்டடக் கலையில் கல்லால் எழுப்பப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளியின் தூண்களைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் எத்தனை? நாகூரின் உயர்ந்த மனோராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பினார் என்பதையும், நம் வணிகர்கள் சிங்கப்பூர் சென்று 1828இல் தொடங்கி அங்கே நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு நினைவில்லம் கட்டினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எத்தனை பேர்? தர்காக்களுக்குப் பயணம் செய்வது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நெடுநாளாக உண்டு. அதனை இங்கே கிளறவேண்டியதில்லை. வரலாற்றைத் தெரிந்துகொள்வதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இனி உம்ராவுக்கு வருவோம். மனத்தை மிகவும் உறுத்துவது இதுதான். உம்ரா வாழ்நாளில் ஒருமுறை கடமை என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. முதல் முறை போவோரைப் பற்றிப் பேச்சே இல்லை; அல்லாஹ் அவர்களுக்கு எளிதாக்குவானாக! ஆனால் இரண்டாவது, மூன்றாவது, ஆண்டுதோறும் என்று போகிறோமே, அங்கேதான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பக்தாதில் வாழ்ந்த பிஷ்ருல் ஹாஃபி (ரஹ்) அவர்களிடம் ஒருவர் விடைபெற வந்தார். மீண்டும் ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்றார். செலவுக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். இரண்டாயிரம் திர்ஹம் என்றார். எதை நாடிப் போகிறாய்? பற்றற்ற வாழ்வையா, கஃபாவின் மீதுள்ள ஏக்கத்தாலா, இறைவனின் பொருத்தத்தையா என்று கேட்டார்கள். இறைவனின் பொருத்தத்தை என்று வந்தவர் பதிலளித்தார். வீட்டில் இருந்தபடியே அந்தப் பொருத்தம் உறுதியாகக் கிடைக்குமானால் செய்வாயா என்றார்கள். செய்வேன் என்றார். அப்படியானால் கடன்பட்டவர் ஒருவருக்குக் கடன் தீர்க்கவும், ஏழை ஒருவர் தம் நிலையைச் சீர்செய்யவும், பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் தம் குடும்பத்தைப் போஷிக்கவும், அநாதையை வளர்ப்பவர் ஒருவர் அப்பிள்ளையை மகிழ்விக்கவும் என்று பத்துப் பேருக்கு அப்பணத்தைக் கொடு. முடியுமானால் ஒருவருக்கே கொடுத்துவிடு என்றார்கள். சொல்லிவிட்டு, இப்போது உன் உள்ளத்தில் இருப்பதை மறைக்காமல் சொல் என்றும் கேட்டார்கள். வந்தவர் உண்மையைச் சொன்னார்: பயணம் போகும் ஆசைதான் என் உள்ளத்தில் வலுவாயிருக்கிறது. பிஷ்ரு அவர்கள் புன்னகை செய்தார்கள்.

இந்நிகழ்ச்சியையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே எடுத்தெழுதியிருக்கிறார்கள். ஆனால் பயணப் பகுதியில் அன்று, மனிதர் தம்மைத்தாமே ஏமாற்றிக்கொள்வதைப் பற்றிய பகுதியில்! அந்த மனிதரிடம் ஒரு நற்குணம் இருந்ததையும் கவனியுங்கள். கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை.

தங்கையின் பங்குச் சொத்து பிரிக்கப்படாமல் இருக்க, மூன்றாவது உம்ராவுக்கு முன்பணம் கட்டுகிறோம். கடன் கொடுத்தவர் கடைவாயிலில் வந்து நிற்கிறார். நாமோ விமான நிலையத்தில் மாலையோடு நிற்கிறோம். தவணை தவறிய கடனை வைத்துக்கொண்டு, கொடுத்தவரின் சம்மதமின்றிப் பயணம் போவதைச் சட்ட நூல்கள் தடுக்கின்றன என்பது நினைவிற்கே வருவதில்லை. வட்டிக்கு வாங்கி உம்ராவுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது என்ன சொல்வது? படுக்கையில் கிடக்கும் தாயைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருக்காக அங்கே துஆச் செய்யப் போகிறோம் என்கிறார்கள். அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், உன் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதும், ஆம் என்றவுடன் அவர்களுக்குப் பணிபுரிவதிலேயே பாடுபடு என்று திருப்பியனுப்பியதும் நாம் அறிந்த செய்திதான்.

அங்கே போன பின்னும் சோதனை உண்டு. ரவ்ழா ஷரீஃபில் தொழுவதற்குக் கைபேசிச் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டிய காலம் இது. நெரிசலைக் குறைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே கைபேசி தவாஃபிலும் கையைவிட்டு இறங்குவதில்லை. கஃபாவைக் கண்ட முதற்கணத்தில் கேட்கும் துஆவை வீட்டாருக்குப் படம் காட்டுவதில் இழந்துவிடுகிறோம். காண ஏங்கியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பது உண்மையே. அவர்களுக்கு நம் துஆ வேண்டுமா, படம் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

தொழுகை பற்றியும் சில சொல்ல வேண்டும். இது வெள்ளிக்கிழமைப் பக்கமாகையால் ஜும்ஆவிலிருந்தே தொடங்கலாம். பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளி காலை பஜ்ருக்குப் பிறகு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வண்டியேறுகிறவர்கள் உண்டு. ஜும்ஆ கடமையான ஒருவர் பஜ்ரு உதயமான பின் அவ்வாறு புறப்படலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்றாலோ, பின்தங்கினால் இடையூறு நேரும் என்றாலோதான் விலக்கு. ஹனஃபி மத்ஹபில், சூரியன் உச்சி சாய்ந்த பின் ஜும்ஆத் தொழாமல் புறப்படுவது வெறுக்கப்பட்டது. வியாழன் இரவே புறப்படலாமே! நாயகம் (ஸல்) அவர்களும் வியாழக்கிழமைகளில் பயணம் புறப்படுவதை விரும்பினார்கள்.

ஒரே குழுவில் செல்லும் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் தங்களுக்குள் குழம்புவதுண்டு. ஓரூரில், சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாள் தங்க எண்ணினால், ஷாஃபிஈ ஒருவர் அங்கே முழுமையாகவே தொழ வேண்டும். ஹனஃபிக்கு அவ்வெல்லை 15 நாள். லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபிஈகளுக்கு உண்டு. ஹனஃபிகளுக்கு அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர இல்லை. இருவருக்கும் பொதுவானது, ஊரில் தங்கியுள்ள இமாமின் பின்னால் தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும் என்பது. பஜ்ரும் மஃரிபும் எங்கும் சுருங்குவதில்லை. சுற்றுலாப் பேருந்தில் ஏறுமுன்பே, இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஓட்டுநரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெரும்பாலும் மறுப்பதில்லை. கேட்கத் தயங்குகிறவர்கள் நாம்தாம்.

பேருந்தை நிறுத்தினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சுவோருக்கு ஒரு நிகழ்ச்சி. ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை தொலைந்து போயிற்று. இரவல் வாங்கிய மாலை. அதைத் தேடுவதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் தங்கினார்கள். படை முழுவதும் தங்கிற்று. அங்கே தண்ணீர் இல்லை, எவரிடமும் தண்ணீர் இல்லை. தம் மகளால் அத்தனை பேருக்கும் தொல்லை நேர்ந்ததே என்று ஹலரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். விடிந்தபோது தயம்முமுக்கான வசனம் இறங்கிற்று. ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியில் கிடந்தது. ஒரு பெண்ணின் இரவல் மாலைக்காகக் காத்திருந்த பயணம்தான், தண்ணீர் கிடைக்காதவருக்கெல்லாம் கியாமத்து நாள் வரைக்கும் மண்ணைத் தூய்மையாக்கித் தந்தது. கிழவி ஒருவர் மெதுவாக நடக்கிறார் என்பதற்காகக் குழுவே அவரைப் பழித்துப் பேசும் இன்றைய உம்ராப் பயணங்களில் இந்நிகழ்ச்சியை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. பயணத்திற்கு "சபர்" என்று பெயர் வந்ததே, மனிதரின் குணத்தை அது திரைவிலக்கிக் காட்டுவதால்தான் என்று அறிஞர்கள் கூறுவர். ஒருவரை நல்லவர் என்று சான்று சொல்ல வந்தவரிடம், நீ அவரோடு பயணம் செய்திருக்கிறாயா என்று ஹலரத் உமர் (ரலி) அவர்கள் கேட்டதும் அதனால்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாம் போவது மட்டும் பயணமன்று. நம்மிடம் வருகிறவர்களும் பயணிகளே. ஜக்காத்துப் பெறத் தகுந்த எட்டு வகையினரைத் திருமறை பட்டியலிடும்போது, இறுதியாக "வழியின் மகன்" என்று ஒருவரைக் குறிக்கிறது. வழிப்போக்கருக்கு எவ்வளவு உரிமையுள்ள பெயர்! ஊரில் செல்வந்தராயிருப்பினும், வழியில் பணமின்றித் தவித்தால் அவரும் ஜக்காத்துக்கு உரியவராகிறார். வேலை தேடி வடக்கிலிருந்து வந்து நம் ஊர்ப் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் படுத்திருக்கும் இளைஞர்களைக் காண்கிறோம். மருத்துவத்திற்காக வெளியூரிலிருந்து வந்து, தங்க இடமின்றி மருத்துவமனை வாசலில் இரவைக் கழிக்கும் குடும்பங்களைக் காண்கிறோம். பயணத் திட்டங்களுக்கென்று மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்குகிற இல்லங்களில், இந்த வழியின் மக்களுக்கென்று ஒரு சிறு தொகையும் அதே உறையில் சேரலாம். பயணியின் துஆ மறுக்கப்படுவதில்லை என்ற நபிமொழியை நாம் புறப்படும்போது மட்டும் நினைக்கிறோம். அவர்களும் பயணிகள்தாமே, அவர்களுடைய துஆவும் அப்படிப்பட்டதுதானே!

திரும்பி வருவதைப் பற்றிச் சொல்லாமல் பயணக் கட்டுரை முடியாது. பயணம் வேதனையின் ஒரு துண்டு. அது உணவையும் உறக்கத்தையும் தடுக்கிறது. வந்த காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்புங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். நெடுநாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்டலாகாது என்றும் தடுத்தார்கள். வீட்டாருக்குத் தம்மைச் சரிசெய்துகொள்ள நேரம் வேண்டுமல்லவா! ஊர் வந்ததும் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவது அவர்கள் வழக்கம். அதன் பிறகே வீடு.

அவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது, வீட்டுப் பிள்ளைகளை எதிர்கொண்டு அழைத்துச் செல்வார்கள். ஹலரத் ஜஃபர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி) சிறுவராயிருந்தபோது ஒருமுறை முதல் ஆளாய்ப் போய் நின்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தூக்கித் தமக்கு முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். பிறகு அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் மகன்களில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள். ஒரே வாகனத்தில் மூன்று பேராக மதீனாவுக்குள் நுழைந்தோம் என்று அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் பின்னாளில் சொல்லி மகிழ்ந்தார்கள்.